ஒத்தவரியார்

"ஒத்த வரி. ஒரே ஒத்த வரி. முடிஞ்சிடுச்சு பாரு" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைப் பின்னால் தள்ளி, இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொள்கிறார். எந்தக் கணினி நிரலை எழுதக் கொடுத்தாலும் இதே பேச்சு என்பதால் அலுவலகத்தில் அவர் பெயரே ஒத்தவரியார் ஆகிவிட்டது. அதைப் பாராட்டு என்று நினைத்து அவர் பூரித்துப்போவதுதான் கொடுமை.

அடுத்த மேஜைக்காரிக்கு, அவர் எழுதும் நிரல்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை. தலையெழுத்து! அவர் கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்போன் தொங்கும். அதில் பாட்டு ஒன்றும் ஓடாது. யாராவது கேள்வி கேட்டால் மட்டும் காதுக்கு ஏறும். மற்றவர்கள் எழுதியதைத் திறந்தாலோ, "யாருப்பா இந்தக் காவியத்தை எழுதினது?" என்று பாதியை அழித்துவிடுவார். அதனால் எது நின்றுபோனாலும், "என் மெஷின்ல நல்லா ஓடுதே" என்பார்.

இந்த முறை அவர் எழுதியது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முடிவுகளைக் காட்டும் திரை. ஜாவாஸ்கிரிப்டில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற ஒரு லூப் எழுதி, நோயாளிகளை ஒவ்வொருவராக எடுத்து, அவரவர் முடிவை வைக்க அவரவருக்கு ஒரு புதுப் பெட்டி மாதிரி ஒரு ஆப்ஜெக்ட் உண்டாக்க வேண்டும். இவர் என்ன செய்தார்? லூப்புக்கு வெளியிலேயே ஒரே ஒரு ஆப்ஜெக்டை உண்டாக்கி, அதையே எல்லாருக்கும் சுற்றுக்கு விட்டார். வீட்டில் அத்தனை பேருக்கும் ஒரே தட்டு! முதலில் வந்தவர் முடிவை அழித்து அடுத்தவர் முடிவு உட்காரும். கடைசியாக வந்தவரின் முடிவே எல்லாப் பெயருக்கும் எதிரில் நிற்கும். மகா மேதைக்கு இது தெரியவேயில்லை. அவர் எப்போதும் ஒரே ஒரு நோயாளியை வைத்துத்தான் ஓட்டிப் பார்ப்பார். அந்த நோயாளியும் அவரேதான்.

கண்டுபிடித்தது அடுத்த மேஜைக்காரிதான். இதய ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அம்மா அந்த நிலையத்தில்தான் ரத்தம் கொடுக்கிறாள். வருகிற எண்ணைப் பார்த்துத்தான் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையின் அளவு. வேறு எவருடைய எண்ணோ வந்தால் அம்மாவின் கதி என்ன? திரை நாளைக் காலை அங்கே போகிறது. அம்மாவும் நாளைக்குத்தான் போகிறாள்.

வரிசையில் முதலில் அவர் பெயரையும், கடைசியில் ஒரு கர்ப்பிணியையும் போட்டு ஓட்டினாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"வாழ்த்துகள் சார். உங்களுக்குக் கர்ப்பம் உறுதியாயிடுச்சு."

சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்குக் காது சிவந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை.

"நீ டேட்டாவைத் தப்பா போட்டிருக்கேம்மா. ஒவ்வொருத்தரா போட்டா சரியா வருதுல்ல?"

"லேபுக்கு ஒருத்தர்தான் வருவாங்களா சார்? நாளைக்கு எங்கம்மா போறாங்க. இதைப் பார்த்துத்தான் மாத்திரை குடுப்பாங்க."

"சரி சரி, ஊரைக் கூட்டாதே. ஆப்ஜெக்டை லூப்புக்குள்ள தள்ளணும், அவ்வளவுதானே? ஒத்த வரி."

படபடவென்று தட்டினார். எதைத் தள்ளினாரோ, எங்கே தள்ளினாரோ, அவருக்கே வெளிச்சம். அவள் எட்டிப் பார்ப்பதற்குள் அந்தப் பக்கத்தை மூடியும்விட்டார்.

"பத்துப் பேரைப் போட்டு ஓட்டிக் காட்டுங்க சார். அப்பதான் நான் சரின்னு சொல்வேன்."

"பத்துதானே? இந்தா பாரு."

ஹெட்போனைக் காதில் ஏற்றிக்கொண்டார். முதல் கட்டத்தில் தன் பெயரையும் தன் சர்க்கரை அளவையும் தட்டினார். அதை நகலெடுத்து இரண்டாவது கட்டத்தில் ஒட்டினார். பிறகு மூன்றாவதில். பத்துக் கட்டத்திலும் அவரே நிரம்பியதும் ஓட்டினார். பத்து முடிவும் ஒரே எண்ணாய்ப் பிசகாமல் வந்து நின்றன.

"பார்த்தியா?" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளி, இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.