மிளகு மூட்டையில் நான்கு நூல்கள்

டிசம்பர் 20. காலை ஒன்பதரை மணிக்கு வாசலூர்பட்டி வந்து சேர்ந்தேன். வீட்டைத் திறந்தேன். பத்தே கால் மணிக்கு, தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவரின் வீட்டுக்குச் சென்று பரணில் இருந்த மூட்டையைக் கேட்டேன். மூட்டை இல்லை. முந்தின நாள் மாலை, போன பருவத்து மிளகு மூட்டைகள் நான்கோடு சேர்ந்து அதுவும் லாரியில் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்விட்டது. ஏற்றியவர் அவருடைய மைத்துனர். மிளகை வாங்கும் பெண் வியாபாரியைத் தொலைபேசியில் மூன்று முறை அழைத்தோம், எடுக்கவில்லை. பதினொன்று இருபதுக்கு இருவரும் பேருந்து ஏறினோம்.

இவை நாட்குறிப்பில் அன்றே எழுதியவை. எழுதாமல் விட்டவற்றை இப்போது எழுதுகிறேன்.

நானும் என் மனைவியும் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆனால் அவள் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதிப் பள்ளியில் படித்தவள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஒவ்வொரு மாணவிக்கும் அங்கே இரண்டு நூல்கள் கொடுத்தனுப்புவார்களாம். டிசம்பரின் கடைசி நாட்கள் வாசிப்பதற்கென்றே ஏற்பட்டவை என்னும் நம்பிக்கையோடுதான் அவள் என்னைத் திருமணம் செய்துகொண்டாள். கல்லூரியில் வரலாறு கற்பித்துவந்த நான், விடுமுறையில் விடைத்தாள் திருத்துபவனாக இருந்தேன். இரண்டாம் ஆண்டிலேயே என்னை மாற்றிவிட்டாள்.

கொல்லிமலையில் இந்த வீட்டைக் கட்டிய பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் இங்கே வந்து அதே நான்கு நூல்களை ஒருவருக்கொருவர் உரக்க வாசித்தோம். அவள் நூல்களைத் தலைப்பால் அழைத்ததில்லை. விருந்துக்கு முதல் நாள் தப்பித்து, ஆற்றைக் கடந்து ஓடும் வாத்தைப் பற்றியது வாத்துக் கதை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளுக்கிடையே கொலைக்கான தடயம் கிடைப்பது தபால்பெட்டிக் கொலை. தனித் தீவில் விளக்கேற்றிக்கொண்டு வாழ்ந்த ஒருவருடைய நினைவுகள், கலங்கரைவிளக்கக்காரர். நான்காவது கேக் புத்தகம். நாங்கள் ஒரு கேக்கும் செய்ததில்லை. செய்முறைகளைக் கதைபோல் வாசிப்போம். முட்டையை அடிக்கும் இடத்தில் அவள் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

மலையின் ஈரத்தில் நூல்கள் பூசணம் பிடித்துவிடும். அதற்கு அவள் கண்ட வழி மிளகு. நான்கையும் பருத்தித் துணியில் சுற்றி, சாக்கில் மிளகுக்கு நடுவே புதைத்து, தோட்டக்காரர் வீட்டு அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைத்துவிடுவாள். வாயில் சிவப்பு நாடா கட்டுவாள். அது மட்டுமே அந்த மூட்டைக்கும் மற்ற மூட்டைகளுக்கும் உள்ள வேறுபாடு.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று காலை கலங்கரைவிளக்கக்காரரை முடித்ததும் ஆளுக்கொரு சீட்டு எழுதி, மற்றவருக்குக் காட்டாமல் அந்நூலின் பின்னட்டைக்குள் வைப்போம். மறு ஆண்டு அதே நூலை முடித்த பிறகே பிரிக்க வேண்டும். என் சீட்டுகள் பெரும்பாலும் குற்றச்சாட்டுகள்: கொலைகாரனின் பெயர் வரும்போது உன் குரல் காட்டிக்கொடுத்துவிடுகிறது, இந்த வகையில்.

மார்ச்சில் அவளுடைய நோய் தெரியவந்தது. பல மாதங்களாகவே வலி இருந்திருக்க வேண்டுமே என்றார் மருத்துவர். இல்லை என்று அவள் சொன்னாள். சொல்லும்போது அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். ஜூலையில் இறந்தாள்.

சென்ற டிசம்பரில் அவளுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தே வாத்துக் கதைக்குச் சிரித்தாளா? நான் கவனிக்கத் தவறியவன் என்றால், அதற்குச் சான்று உலகில் ஒன்றுதான் உண்டு. அவளுடைய கடைசிச் சீட்டு. அது மிளகு மூட்டைக்குள், பின்னட்டைக்குள் இருந்தது. இப்போது எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, பொட்டலம் மடித்து விற்கும் சந்தையில் இருந்தது.

பேருந்தில் தோட்டக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

"செவப்பு நாடா இருந்திருந்தா எம்மச்சான் தொட்டே இருக்க மாட்டானுங்க சார். அம்மா கட்டி வெச்சா அது கோயிலு உண்டியலு மாதிரி. அந்த நாடாவ எலி இழுத்துட்டுப் போயிருச்சாட்ட இருக்குதுங்க. இந்த வருசம் எலி சாஸ்தி."

நாடா என் சட்டைப் பையில் இருந்தது. செப்டம்பரில் ஒரு நாள் தனியாக வந்து, அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் பரணேறி மூட்டையை அவிழ்த்தவன் நான்தான். கலங்கரைவிளக்கக்காரரை வெளியே எடுத்தேன், பின்னட்டையைத் திறக்கவில்லை. டிசம்பருக்கு முன் திறக்கக் கூடாது என்ற விதியைக் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். மீண்டும் புதைத்து, சணல் கயிற்றால் கட்டிவிட்டு, நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினேன். இதை அவரிடம் சொல்ல வளைவுகள் ஏராளமாக இருந்தன. நான் சொல்லவில்லை.

சந்தை முகப்பில் ஒரு பெண் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு பேருந்துக்குக் காத்திருந்தார். என்னையறியாமல் குனிந்து பார்த்தேன்.

"ஏனுங்க, மொளகு பாக்கறீங்களா, காயிதத்தப் பாக்கறீங்களா?"

"காகிதத்தைத்தான்."

"நல்லாருக்குது போங்க! பொட்டலத்துல பொண்ணு பாக்க வந்தாப்புல."

அது செய்தித்தாள். பழைய திரைப்பட விளம்பரம் ஒன்று. அடுத்த பொட்டலமும் செய்தித்தாள்தான். மூன்றாவதில், மடிப்புக்கு வெளியே வாத்தின் மஞ்சள் கால் ஒன்று தெரிந்தது. நான் நிமிர்ந்தபோது தோட்டக்காரர் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தார்.

மிளகு வியாபாரி அறுபது வயது மதிக்கத்தக்கவர். தோட்டக்காரரைக் கண்டதும் பக்கத்துக் கடைகளுக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"வாங்க சாமி, வாங்க! மொளகுக்குள்ளார கல்லு வெப்பாங்க, மண்ணு வெப்பாங்க, பாத்திருக்கறேன். பொஸ்தவம் வெச்சு எடை ஏத்துனது நீங்கதானுங்க மொதல்ல! படிச்ச ஊட்டு வேலையாட்ட இருக்குது!"

"அய்யோ, இல்லீங்க அக்கா! அது சார் ஊட்டு மூட்டைங்க. மாறி வந்திருச்சு. போன எடுக்கக் கூடாதுங்களா?"

"யேவாரத்துல எங்கிருந்துங்க போன எடுக்கறது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தோட்டக்காரரின் முகம் கறுத்தது. பதினைந்து ஆண்டுகளாக அவர் இந்தச் சந்தைக்கு மிளகு போட்டுவருகிறார். ஒரு முறையும் இப்படிப் பேச்சு வாங்கியதில்லை.

"தவறு என்னுடையது," என்றேன். "அடையாளத்தை அவிழ்த்தவன் நான்." சிவப்பு நாடாவை எடுத்து அனைவருக்கும் தெரியும்படி நீட்டினேன். தோட்டக்காரர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எலி மேல பழியப் போட்டுட்டனுங்களே," என்றார் மெதுவாக.

வியாபாரியின் குரல் இறங்கிவிட்டது. தபால்பெட்டிக் கொலை தராசு மேசையின் ஆடும் காலுக்கு அடியில் இருந்தது. கேக் புத்தகத்தை எதிர்க்கடைக்காரர் படம் பார்க்க வாங்கிப் போயிருந்தார். "அந்த வாத்துப் படம் போட்டது மட்டும் ஏழெட்டுத் தாளு கிழிச்சுப்புட்டனுங்க சாமி. காயிதம் மெத்துன்னு இருந்துச்சு."

"நான்காவது? நீலக் கெட்டி அட்டை போட்டது?"

அவர் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க. தரை சில்லுன்னு இருந்துச்சுன்னு அது மேலதான் உக்காந்திருக்கறேன்."

எழுந்து, சேலைத் தலைப்பால் அட்டையைத் துடைத்து, இரு கைகளாலும் கொடுத்தார். பின்னட்டையை விரலால் அழுத்திப் பார்த்தேன். காகிதத்தின் தடிமன் தெரிந்தது. அங்கே நின்று அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை.

மீதி நாட்களில் மூன்று நூல்களையும், வாத்துக் கதையில் எஞ்சியதையும் தனியாக உரக்க வாசித்தேன். கிழிந்து போனவை முதல் பக்கங்கள். அவற்றை நினைவிலிருந்து சொன்னேன், அவள் செய்யும் வாத்தின் குரல் மட்டும் எனக்கு வரவில்லை. ஒவ்வொரு நாளும் அட்டையை ஒரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டேன். தூக்கம் சரியாக இல்லை. விளக்குக்காரர் தீவை விட்டுப் படகேறும் கடைசிப் பக்கத்தை இருபத்தைந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு முடித்தேன். வெளியே மூடுபனி. தோட்டக்காரர் மிளகுக் கொடிகளுக்கிடையே யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

அவளுடைய சீட்டைப் பிரித்தேன். அதில் நோயைப் பற்றி ஒன்றுமில்லை. விடைபெறுதலும் இல்லை. "அடுத்த கிறிஸ்துமஸுக்குள்" என்று தலைப்பிட்டு, எனக்கான வேலைகளை வரிசையாக எழுதியிருந்தாள். தன் நோய் தெரிந்த ஒருவர் இவ்வாறு எழுதமாட்டார் என்றே நினைக்கிறேன். இரண்டு முறை படித்த பின்னும் அப்படித்தான் நினைத்தேன். வரலாற்றுச் சான்றாக இதை ஒரு மாணவன் கொண்டுவந்திருந்தால், போதாது என்று சொல்லியிருப்பேன்.

அவளுக்கு நான் எழுதிய சீட்டும் பக்கத்திலேயே இருந்தது, மடிப்புக் கலையாமல்.

அவள் பட்டியலில் இன்றுவரை செய்யப்படாதவை:

1. உங்கள் கண்ணாடியின் பவரை மாற்றுவது.

2. கலங்கரைவிளக்கக்காரரின் புயல் அத்தியாயத்தில் நீங்கள் எப்போதும் தாண்டிவிடும் நான்கு பக்கங்களைத் தாண்டாமல் வாசிப்பது.

3. கேக் புத்தகத்திலிருந்து ஒன்றையாவது, சாமை மாவிலாவது, செய்து பார்ப்பது.

4. உங்கள் சீட்டை இந்த முறை நீங்களே எனக்குப் படித்துக்காட்டுவது. உங்கள் கையெழுத்து எனக்குப் புரிவதில்லை.