கையெழுத்துக்கு முன் வாசித்த தாள்

எனக்கும் கணவருக்கும் சண்டையில்லாத விவாகரத்து. வழக்கறிஞரிடம் நேரே போனால் கட்டுப்படியாகாது என்று, இங்கே இத்தாலியில், பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் பத்திரம் நிரப்பிக் கொடுக்கும் எங்கள் தமிழ் ஆள் ஒருவரிடம் இன்று போனேன்.

தாள் முன்பே தயாராக இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

“கெதியாக் கையெழுத்தை வையுங்கோ தங்கச்சி. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குது.”

“பிரியிறதுக்குமோ அண்ணை நல்ல நேரம்?”

“எல்லாத்துக்கும் பாக்கோணும்.”

நான் கண்ணாடியை எடுத்துப் போட்டேன். இத்தாலிய மொழியை மெதுவாகத்தான் வாசிப்பேன். மூன்றாம் பக்கத்தில், மகள் பக்கத்து ஊரான பகேரியாவில் தகப்பனோடு வசிப்பாள் என்று இருந்தது.

“இதை ஆர் சொன்னது?”

“உங்கடை மனுசன் போன கிழமை வந்து கதைச்சவர். நீங்களும் ஓம் எண்டு சொன்னதாச் சொன்னார்.”

“என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை.”

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

‘இருவரின் சம்மதத்துடன்’ என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. இவரிடம் ஏற்கெனவே கையெழுத்து வைத்த பெண்கள் யாராவது இருந்தால், அந்தத் தாளை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். நீங்கள் எதற்கெல்லாம் சம்மதித்திருக்கிறீர்கள் என்று எனக்கும் சொல்லுங்கள்.