பழைய பெட்டி முடிந்தால்தான் புதுப்பெட்டி

அந்த நாட்களில் நாங்கள் பசித்துச் சாப்பிட்டோமா, சீடிக்காகச் சாப்பிட்டோமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. தெரிந்துவிட்டால் என் மகளை எப்படிச் சாப்பிட வைப்பது என்பதும் தெரிந்துவிடும் என்று ஏனோ நம்பிக்கொண்டிருக்கிறேன்.

மகளுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. போன் இல்லாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். அதில் ஏதாவது ஓட வேண்டும். கண் அங்கே இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். நான் சோற்றைக் குழைத்து வைப்பேன். படம் நின்றால் வாயும் மூடிக்கொள்ளும். ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது, நாலு வாய் உள்ளே போனால் போதும் என்று நான்தான் போனைக் கொடுத்துப் பழக்கினேன். செப்டம்பரில் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. அங்கே மதியச் சாப்பாட்டு மேசையில் போனும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன். எடை பார்த்த நேர்ஸ் அன்பாகத்தான் சொன்னார்: பிள்ளை மெலிந்துவிட்டாள், போனை மெல்ல மெல்லக் குறையுங்கள் என்று. நான் பயத்தில் ஒரேயடியாக எடுத்துவிட்டேன். அன்று முழுவதும் அவளுக்குக் கொஞ்சம் பாலும் பிஸ்கட்டும்தான். மாலையில் நானே போனை எடுத்து நீட்டினேன். சரியா பிழையா என்று யோசிக்கக்கூடத் தெம்பு இல்லை.

அப்போதுதான் அந்தப் பெட்டிகள் நினைவுக்கு வந்தன.

கிங்ஸ்பரியில் வளர்ந்தோம், நானும் அண்ணாவும். அம்மாவுக்குப் பெட்டியில் வருகிற காலைச் சாப்பாடு எல்லாமே கோர்ன்பிளேக்ஸ்தான், அது என்ன நிறமாக, என்ன வடிவமாக இருந்தாலும். குளிர்ந்த பால் சளி பிடிக்கும் என்று கொதிக்கக் கொதிக்க ஊற்றுவா. மேசைக்கு வரும்போது கஞ்சியாகிவிடும். அதையும் சாப்பிட்டோம். ஏனென்றால் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே புதுப்பெட்டி இருந்தது. அதற்குள்ளே ஒரு கம்ப்யூட்டர் கேம் இலவசம் என்று முன்பக்கத்தில் பெரிதாக அச்சடித்திருந்தது.

"பழசு முடியாமல் புதுசை உடைக்கேலாது" என்பது அம்மாவின் சட்டம்.

"அம்மா, சீடியை மட்டும் எடுத்துப்போட்டு ஒட்டி வைக்கிறன்" என்று அண்ணா கெஞ்சுவான்.

"ஓம், ஒட்டுவாய். பிறகு எறும்புக்கு ஆர் கேம் போடுறது?"

ஆகவே காலையிலும் கோர்ன்பிளேக்ஸ், பள்ளிக்கூடத்தால் வந்தும் கோர்ன்பிளேக்ஸ். அடியில் கிடக்கும் தூளைக்கூட அண்ணா பெட்டியைத் தட்டி என் கிண்ணத்தில் கொட்டுவான். "குடியடி, குடி, நீதான் சுணக்கிறாய்." கடைசியில் அந்த மெல்லிய காகித உறை கையில் வரும். கம்ப்யூட்டரின் தட்டு முன்னே நீளும், சீடியை வைத்தால் உள்ளே போய் உறுமும், பிறகு ஒரு சின்ன இசை. ஒரு சீடியில் தவளை ஒன்று இலை இலையாகத் தாவி ஆற்றைக் கடக்கும். மூன்று ஆறுகள்தான். அதற்குப் பிறகு, மீதியைக் கடையில் வாங்குங்கள் என்று எழுதி நின்றுவிடும். நாங்கள் வாங்கவில்லை. திரும்பவும் முதல் ஆற்றிலிருந்து தொடங்கினோம். அந்த இசையை இப்போதும் என்னால் முணுமுணுக்க முடியும்.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "அந்தச் சீடியெல்லாம் எங்கையம்மா?"

"கீரைப் பாத்திக்கு மேல கட்டியிருக்கிறன். வெயிலுக்கு மினுங்குறதில புறா ஒண்டும் கிட்ட வாறேல்லை. ஏன்?"

"பிள்ளைக்கு."

"பிள்ளைக்குச் சோத்தைக் குடு. சீடியைக் குடுத்து என்ன செய்யப்போறாய்?"

அம்மா வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மழையிலும் வெயிலிலும் தொங்கி எல்லாம் வெளிறியிருந்தன. அறைக்குள் அண்ணாவின் பழைய பாடக்கொப்பிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் உறையோடு தப்பியிருந்தது. தவளையேதான். அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு புதுப்பெட்டியைப் பக்குவமாகத் திறந்து, உறையை உள்ளே செருகி, ஒட்டி, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தேன். மகளைத் தூக்கிக் காட்டினேன். "இதுக்குள்ள ஒரு தவளை இருக்கு. ஆனா பழைய பெட்டி முடிஞ்சால்தான் இதை உடைக்கலாம்."

அவள் சாப்பிட்டாள். போன் இல்லாமல், தன் கையால் கரண்டி பிடித்து. பால் கழுத்தில் வழிந்தது, நான் துடைக்கவில்லை. "அம்மா, தவளைக்கு மூச்சு முட்டாதா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி. நான் சிங்க் பக்கம் திரும்பி, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். மத்தியானம் சோறும் கேட்டாள். பழைய பெட்டி முடியும்வரை எங்கள் வீட்டில் ஒரு தாயும் பிள்ளையும் சாதாரணமாகச் சாப்பிட்டார்கள்.

முன்கூட்டியே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதைத்தான் என் கணவரும் பிறகு சொன்னார். எங்கள் லாப்டாப்பில் சீடி போட இடமே இல்லை. அதற்கென்று தனியாக ஒரு கருவி வாங்கியவர் அவர்தான். ஆனால் அந்த இசையை மகளோடு சேர்ந்துதான் முதலில் கேட்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்துவிட்டேன்.

பெட்டியை அவளே கிழித்தாள். சீடியை இரண்டு கையாலும் பிடித்து வைத்தாள். உறுமல் கேட்டது, அவள் கைதட்டினாள். பிறகு திரையில் ஒரு சின்னக் கட்டம்: இதை இந்தக் கம்ப்யூட்டரில் இயக்க முடியாது. இவர் எதையெதையோ அழுத்திப் பார்த்தார். திரும்பத் திரும்ப அதே கட்டம்.

"தவளை எங்க?"

"அது பழசம்மா. இந்தக் கம்ப்யூட்டருக்கு அதைத் தெரியேல்லை."

"அப்ப போன்ல போடுங்கோ."

"போன்ல அது வராது, குஞ்சு."

என்னையே பார்த்தாள். "நீங்கள் பொய் சொன்னனீங்கள்."

அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள். சோற்றுக்கும் அப்படியே. முன்பு போனாவது வேலை செய்தது. இப்போது போனைக் கொடுத்தாலும், முதலில் என் கையில் இருப்பதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள். அண்ணாவிடம் சொன்னேன். "உன்ர பிள்ளையையும் எங்களை மாதிரி ஏமாத்தலாமெண்டு நினைச்சியோ?" என்று சிரித்தான். எங்களை யாராவது ஏமாற்றினார்களா? எங்களுக்குத் தவளை வந்ததே.

அடுத்த எடை பார்க்கும் நாள் நெருங்குகிறது. இதை வாசிக்கும் உங்களில் யாராவது ஒரு பிள்ளையைப் போனிலிருந்து மீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்திருந்தால், எப்படி என்று எனக்கு எழுதுங்கள். பிள்ளை பசியில் தானாகக் கேட்கும்வரை காத்திருந்தீர்களா? அதுவரை நீங்கள் எப்படித் தாங்கினீர்கள்? என்னை ஒருமுறை நம்பிச் சாப்பிட்டவள் இவள். இன்னொரு முறை நம்ப வைக்க, நான் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.