செஞ்சோளம்

எங்கள் அடுக்குமாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பறவைகளுக்குத் தீனி வைக்கும் கிண்ணம் செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். இயற்கைப் பொருள் மட்டும்தான் என்று அறிவிப்பு வேறு. வந்தவர்களின் லட்சணத்தைப் பார்க்கணுமே! தேங்காய்த் தொட்டிக்கு வார்னிஷ் அடித்தார்கள், ஜிகினா ஒட்டினார்கள், செல்ஃபி எடுத்தார்கள். கம்புக்கும் சோளத்துக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூ, இதுக்குப் பேர் இயற்கையாம்!

என் மனைவிக்கு மட்டும் இது விளையாட்டில்லை. எங்கள் பால்கனிப் பூச்சட்டியில் ஒரு ஜோடித் தவிட்டுப்புறா இரண்டு குஞ்சு பொரித்திருந்தது. அதுகள் பறக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் துணிகூடக் காயப்போடக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தாள். "பக்கத்துலயே தீனி கெடைச்சா, குஞ்சுகளை உட்டுப்போட்டு அலையாதுங்களல்லொ?" என்றாள்.

பிழைப்புக்குக் கோயமுத்தூரில் மோட்டார் பம்பு விற்றாலும், நான் காங்கேயத்துக் காட்டுக்காரன் மகன். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டியைச் சுரண்டி, மூன்று ஓட்டை போட்டு, தேங்காய் நார்க் கயிற்றில் எங்கள் பால்கனியில் தொங்கவிட்டேன். குத்தகைக்கு விட்டிருக்கும் எங்கள் சோளக்காட்டுக்குப் போய், அங்கிருக்கும் சாளை வீட்டின் மூலையில் கட்டிவைத்திருந்த பையிலிருந்து சோளம் அள்ளிவந்து நிரப்பினேன்.

"ஏனுங்க, சோளம் இப்பிடி ரோஸ் கலர்ல இருக்குதுங்களே?" என்றாள் மனைவி.

"செஞ்சோளம் அம்மணி. டவுனுல பொறந்த உனக்கு அதெல்லாம் எங்க தெரியப்போகுது!"

மறுநாள் காலையில் பால்கனித் தரையில் இரண்டு புறாக்களும் விறைத்துக் கிடந்தன. குத்தகைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அய்யோ, அது பூச்சி மருந்து கலந்த வெதைச் சோளமுங்க! அந்த ரோஸ் கலரே மருந்துதானுங்க. வெதைச்சது போக மிச்சம். கோழி கொத்திப்போடும்னு தனியா கட்டி வெச்சிருந்தனுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும், தெரியும்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அப்போதும் வாயில் அப்படித்தான் வந்தது. கீழே வார்னிஷ்காரர்கள் தொங்கவிட்டதில் ஒரு காக்காய்கூட உட்காரவில்லை. ஒரு உயிரும் போகவில்லை. என்னைவிடக் கேடுகெட்டவன் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை.

மனைவி பூச்சட்டிப் பக்கத்தில் குந்தியிருந்தாள். இரண்டு குஞ்சுகளும் அவள் விரலைப் பார்த்து வாயைத் திறந்தன. என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"இதுகளுக்கு இப்ப என்னங்க குடுக்கறது?"

தெரியவில்லை என்றேன்.