கணக்கு வகுப்பில் ஏலம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற கணக்கு வகுப்பை எனக்கு ஒதுக்கியவருக்கு என்மேல் ஏதோ கோபம் இருந்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் சாப்பிட்ட மயக்கத்தில் சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பார்கள். பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்த வித்தையெல்லாம் இறக்கிப் பார்த்தேன். வண்ண அட்டை வெட்டினேன், சூத்திரத்தைப் பாட்டாகப் பாடினேன். என் குரலைக் கேட்டு விழித்துக்கொண்டார்கள், சிரித்தார்கள், மறுபடியும் சொக்கினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. ஏலக்காரரைச் சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை.

மறுநாளே வகுப்பில் ஏலத்தைத் தொடங்கிவிட்டேன். பலகையில் ஒரு கணக்கை எழுதி, எத்தனை வரியில் முடிப்பீர்கள் என்று கேட்பேன். "எட்டு வரி!" "ஏழு!" என்று இறங்கிக்கொண்டே வரும். குறைவாகக் கேட்டவளுக்குத்தான் சாக்பீஸ். சொன்ன வரிக்குள் முடிக்காவிட்டால் வகுப்பே ஓவென்று கத்தும். சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியை, "என்ன டீச்சர், வகுப்பா மீன் மார்க்கெட்டா?" என்றார். "மார்க்கெட்டுதாங்க மேடம், கொஞ்சம் இருங்க, ஆறு வரிக்கு வந்துடுச்சு" என்றேன். அவரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

எல்லோரும் கத்தினார்கள், கடைசி பெஞ்சுப் பெண்ணைத் தவிர. திருமலைராயன்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பரீட்சையில் நன்றாகவே எழுதுவாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். அவளுடைய அம்மா மீன் வாங்கி விற்பவர். பெற்றோர் கூட்டத்தில் என்னிடம் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"நாலு பேரு முன்னாடி ஒரு வார்த்த பேச மாட்டேங்குறா டீச்சர். இப்படி ஊமையாவே படிச்சு என்ன செய்யப் போறா? எங்கூட வந்து மீன் வித்தா தானா வாய் வரும். இந்த வருசத்தோட நிறுத்திடுறேன்."

வருஷம் முடிவதற்குள் பேச வைத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எப்படி என்று எனக்கே தெரியாது. பயமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் ஏலம் நாலு வரியில் வந்து நின்றது. "நாலு வரி ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்" என்று முடித்து, முதல் பெஞ்சுப் பெண்ணிடம் சாக்பீஸை நீட்டினேன். பின்னால் பெஞ்சு தடாலென்று நகர்ந்தது.

"அது எனக்கு டீச்சர்! நான் மூணு வரி கேட்டுட்டேன்!"

வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"நீ எப்பம்மா கேட்ட?"

"நீங்க நாலுன்னு சொல்லிட்டு என்னைப் பாத்தீங்கல்ல, தாடையத் தூக்குனேனே! எங்கம்மா அப்படித்தான் ஏலம் கேப்பாங்க. ஏலக்காரர் ஒருநாளும் விட்டதில்ல. நீங்கதான் தெனமும் என்னைய விட்டுட்டு, கத்துறவங்களுக்கே குடுக்குறீங்க!"

தினமுமா? தினமும் கேட்டிருக்கிறாள், நான்தான் பார்க்கவில்லை. ஆனால் வாய் திறந்தவளை விடுவேனா? "தாடையெல்லாம் இங்க செல்லாது" என்று வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தேன். "செல்லும் டீச்சர்!" என்று கத்திக்கொண்டே வந்து சாக்பீஸைப் பிடுங்கினாள். கணக்கு நாலாவது வரிக்குப் போனது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். "கடைசி வரி வெறும் விடைதான, அதெல்லாம் சேராது!" என்று அவள் மொத்த வகுப்போடும் சண்டைக்கு நின்றாள். மணி அடித்தும் ஓயவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் அவளுடைய அம்மா நின்றிருந்தார். கூடையைக் கீழே வைத்துவிட்டு, முகத்தில் கலவரத்தோடு வந்தார்.

"உங்ககிட்ட சண்ட போட்டாளாமே டீச்சர்?"

"ஆமாங்க, நல்லாவே போட்டா."

"எல்லாரும் இருக்கையிலயா?"

"எல்லாரும் இருக்கையிலதான்."

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படின்னா அவ படிக்கட்டும் டீச்சர்" என்றார்.