சிவப்புக் காரின் கறுப்பு பிளக்

அத்தையைப் பெண் கேட்டு வந்தவர்களை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு அடையாளம் வைத்துத்தான் சொல்வார்கள். மீசைக்காரர், சென்னைக்காரர், இரண்டாவது முறையும் காப்பி கேட்டவர். கடைசியாக வந்தவருக்கு அப்பா வைத்த பெயர் மிக்ஸி. அவருடைய சிவப்புக் கார் உட்லண்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வந்து நின்றால் நாலாவது மாடி வரைக்கும் சட்னி அரைக்கிற சத்தம் கேட்கும். என்ஜினுக்குள் காற்றை வலுக்கட்டாயமாகத் திணிக்கிற சூப்பர்சார்ஜர் என்ற கருவியைத் தனியாக வாங்கி அதில் பொருத்தியிருந்தார். சத்தம் அதனுடையது.

அத்தை அப்பாவின் தங்கை. முப்பத்து நாலு வயது. வண்டிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் நிலையம் ஒன்றில் வேலை பார்த்தாள். அனுமதியில்லாத பாகங்களைச் சோதனைக்கு முதல் நாள் கழற்றி ஒளித்துவிட்டுச் சோதனை முடிந்ததும் திரும்ப மாட்டிக்கொள்கிறவர்களையும், "இது ஃபேக்டரியிலேர்ந்தே இப்படித்தான் வந்துச்சு மிஸ்" என்று சத்தியம் செய்கிறவர்களையும் அவள் தினமும் பார்த்தாள். ராத்திரி எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே அந்தக் கதைகளைச் சொல்வாள். "கார மாத்துறவன் வாயத் திறந்தா பொய்தான்டி" என்பது அவள் அனுபவத்தில் கண்ட முடிவு.

அதனால்தான் மிக்ஸிக்காரர் வந்த அன்று அவள் சம்பளத்தைக் கேட்கவில்லை, வீட்டைக் கேட்கவில்லை. "அந்த சூப்பர்சார்ஜருக்கு அப்ரூவல் இருக்கா?" என்றாள். அவர் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த காகிதத்தை எடுத்து நீட்டினார். அத்தை அதை முன்னும் பின்னும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அந்தத் தெம்பில் மனிதர் பேச ஆரம்பித்துவிட்டார். வேகம் என்றால் தனக்கு உயிர் என்றார். ஊரின் மறுபக்கம் இருக்கும் கேலாங்கிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷத்தில் வந்ததாகச் சொன்னார். ஹெலிகாப்டரில் வந்தால்கூடக் கொஞ்சம் கஷ்டம். அவர் காப்புறுதி நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளைப் படித்துப் பார்க்கிற வேலையில் இருப்பதாகக் கேட்டதும், "அப்ப ஆபீஸுக்குத் தேவையான கேஸ இவரே கொண்டு போயிடுவார் போல" என்று அப்பா அடுப்படியில் அம்மாவிடம் முணுமுணுத்தார்.

கிளம்பும்போது அத்தை ஒன்றே ஒன்று சொன்னாள். "எனக்குக் காத்திருக்கப் பிடிக்காது."

"சேச்சே, காக்க வைக்கவே மாட்டேன்" என்றார் அவர்.

மூன்று சனிக்கிழமை வெளியே போய்ப் பேசிப் பார்க்கட்டும், மூன்றாவது சனிக்கிழமை மாலை அவருடைய அக்கா போன் செய்வார், அதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்று ஏற்பாடு. அப்பா வேண்டாம் என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டார். "தங்கச்சியக் கட்டித்தான் கொடுக்கணும், ரோட்டுல வீசக் கூடாது" என்பார். அத்தை மட்டும் பிடிகொடுக்காமல் இருந்தாள். துணைக்கு என்னை அனுப்பினார்கள். எனக்கு அப்போது பத்து வயது. பின் சீட்டில் உட்கார்ந்து வேக முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும் என்பது அப்பா எனக்குக் கொடுத்த உத்தியோகம்.

எனக்கும் இதில் சொந்த அக்கறை இருந்தது. அத்தையும் நானும் ஒரே அறை. அத்தை கல்யாணமாகிப் போனால் அவள் கட்டிலுக்குத் தம்பி வந்துவிடுவான் என்று அம்மா சொல்லியிருந்தாள். அவன் காலுறை நாற்றம் ஊர் அறிந்தது. அது ஒரு காரணம். அத்தை போவது எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மையான காரணம். அந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது என்று தினமும் சாமி கும்பிட்டேன்.

ஆனால் முள் எனக்கு உதவவில்லை. முதல் சனிக்கிழமை அது எழுபதைத் தொடவே இல்லை. இடது ஓரத்தை விட்டு அவர் அசையவில்லை. சிமெண்ட் லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. "இன்னிக்கு ஜாம்" என்றார். சாலை காலியாகக் கிடந்தது. இரண்டாவது சனிக்கிழமையும் அதே கதை. உள்ளதை உள்ளபடி அப்பாவிடம் சொன்னேன். "நீ உக்காந்திருக்கல்ல, அதான் அடக்கி வாசிக்கிறான்" என்று அவர் என் சாட்சியத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

எனக்கு வேறொரு விஷயமும் தெரிந்திருந்தது. சனிக்கிழமை டியூஷன் முடிந்து நான் பக்கத்துப் புளோக் கார்ப்பார்க் வழியாகத்தான் வருவேன். இரண்டு வாரமும் அவருடைய சிவப்புக் கார் அங்கே ஒரு மரத்தடியில் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதன் பிறகுதான் கீழே சட்னி அரைக்கிற சத்தம் கேட்கும். மேலே வந்து, "பன்னிரண்டு நிமிஷம்!" என்பார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல சமயத்துக்காக வைத்திருந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை தேக்காவில் சாப்பிடுவதாகத் திட்டம். தேக்காவை நெருங்கும்போதே கார் விக்கல் எடுக்க ஆரம்பித்தது. "பெட்ரோல் சரியில்ல" என்றார். சிராங்கூன் சாலை சிக்னலில் பச்சை விழுந்ததும் கார் ஒரு முறை குலுங்கி அணைந்தே போய்விட்டது. பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது. காய்கறிப் பையோடு நின்றிருந்த ஒரு அம்மா, "பாக்க மட்டும்தான் ஷோக்கு" என்று என் காதில் விழும்படி சொல்லிவிட்டுக் கடந்து போனார். மிக்ஸிக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. எப்படியோ காருக்கு உயிர் கொடுத்து, அது இருமிக்கொண்டே வர, கேலாங்கில் அவர் வழக்கமாகப் போகும் பட்டறை வரை கொண்டு போய்ச் சேர்த்தார்.

பட்டறைக்காரச் சீன அங்கிள் என்ஜினுக்குள் தீப்பொறி போடும் நாலு பிளக்கையும் கழற்றிச் செய்தித்தாள் மேல் வரிசையாக வைத்தார். எல்லாமே கன்னங்கரேல் என்று இருந்தன. மிக்ஸிக்காரர் உடனே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். பிளக்கில் சூடான பிளக், குளிர்ந்த பிளக் என்று உண்டு. காற்றைத் திணித்து ஓட்டும் என்ஜினில் சூடு அதிகம், அதற்குச் சூட்டைச் சீக்கிரம் இறக்கிவிடும் குளிர்ந்த பிளக்தான் சரி. வாரக்கணக்கில் படித்து, சாதாரணத்தைவிட இரண்டு படி குளிர்ந்ததாகத் தேர்ந்தெடுத்துப் போட்டிருந்தாராம். "நான் ஓட்டுற ஓட்டுக்கு இதுவே தாங்கல பாருங்க. இன்னும் ஒரு படி கோல்டா போட்டுடலாம்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, "ஒன் ஸ்டெப் கோல்டர், அங்கிள்" என்றார்.

அங்கிள் இரண்டு பெட்டியைக் கொண்டு வந்து வைத்தார். ஒன்று அவர் கேட்டது. இன்னொன்று பழையதைவிட ஒரு படி சூடானது.

அத்தை குனிந்து ஒரு பிளக்கை எடுத்தாள். முனையைக் கட்டைவிரலால் தேய்த்தாள். விரல் கறுப்பானது.

"வேகமா ஓட்டுற வண்டில இது வெளுத்துப் போயிருக்கும். இல்ல, பழுப்பாவாவது இருக்கும்" என்றாள். "இது வாணலி அடி மாதிரி இருக்கு. குளிர்ந்த பிளக்கு கரியத் தானே எரிச்சுத் தள்ளணும்னா வண்டி வேகமா ஓடணும். இது ஓடவே இல்ல. நீங்க உண்மையில எப்படி ஓட்டுவீங்க? அதுக்குத் தகுந்ததத்தான் போட முடியும்."

என் சமயம் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

"அத்தை, இவர் சொல்றதெல்லாம் பொய்! எழுபது கூடப் போக மாட்டார். பன்னிரண்டு நிமிஷமும் பொய். பக்கத்துப் புளோக்குல ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து என்ஜின ஓடவிட்டு உக்காந்திருப்பார். நான் பாத்தேன். எல்லா வாரமும்!"

அங்கிளுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"நிறுத்தின வண்டில என்ஜின ஓடவிட்டா ஃபைன், தெரியுமில்ல?" என்றாள் அத்தை.

"தெரியும்."

"அப்புறம்?"

"ஏர்கான் இல்லாட்டி வேர்த்திடும். சட்டை நனைஞ்சு போய் மேல வரக் கூடாதுன்னு…"

"ஒரு மணி நேரமா?"

"நீங்கதான் காத்திருக்கப் பிடிக்காதுன்னு சொன்னீங்க. எனக்கு வேகமா ஓட்ட வராது. தினமும் ஆக்ஸிடெண்ட் ரிப்போர்ட்டா படிச்சுப் படிச்சு கையெல்லாம் உதறும். அதான் முன்னாடியே கிளம்பிடுவேன்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இதெல்லாம் மாட்ட எனக்குப் பிடிக்கும். ஓட்டத்தான் பயம்."

பிரியாணி சமைத்துவிட்டுத் தயிர்ச்சோறு சாப்பிடுகிறவர்கள் உண்டு. இவர் அந்த ரகம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆள் கையும் களவுமாக அகப்பட்டார், தொலைந்தார் என்றுதான் குதூகலப்பட்டேன். அத்தையின் முகம் சிவந்திருந்தது. கோபம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அத்தை சூடான பெட்டியை அங்கிள் பக்கம் தள்ளினாள். "திஸ் ஒன், அங்கிள்."

"குட். டவுன் டிரைவிங், திஸ் ஒன் எனஃப் லா" என்றார் அவர்.

பழைய பிளக்குகளைக் குப்பையில் போடப் போனார்கள். அத்தை ஒன்றை மட்டும் எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அது எதற்கு என்று அவர் கேட்டார்.

"ஆதாரம்" என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கார் விக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. முள் அறுபதில் நின்றது.

மாலை போன் வந்தது. அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "வேணாம்னு சொல்லிடவா?" என்று அத்தையைக் கேட்டார். அத்தையின் கட்டைவிரலில் இன்னும் கரி இருந்தது. இப்போது கைப்பையைத் திறப்பாள், ஆதாரம் வெளியே வரும் என்று நான் சோபா நுனிக்கு வந்துவிட்டேன்.

"சரின்னு சொல்லிடுங்கண்ணே" என்றாள்.

அப்பா போனை மறந்தே போனார். "அவன் வேகத்துக்கு…"

"சோதனைக்கு எங்கிட்ட வர்றவன் எல்லாம் பறந்துட்டு வந்து மெதுவா ஓட்டுறேன்னு பொய் சொல்லுவான். இவர் ஒருத்தர்தான் மாத்திச் சொல்றார்."

அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கு அதைவிடப் புரியவில்லை. பொய் எந்தப் பக்கம் சொன்னாலும் பொய்தானே? ராத்திரி அறைக்குள், "அந்த பிளக்க ஏன் அப்பாட்ட காட்டல?" என்று சண்டை பிடித்தேன். தவளை தன் வாயால் கெட்ட கதை எங்கள் தமிழ்ப் பாடத்தில் இருந்தது. அது என் கதை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அத்தை கைக்குட்டையைப் பிரிக்காமல், தோடு வைக்கும் டப்பாவுக்குள் வைத்து மூடினாள். "அத்தை, நீங்க போகாதீங்க" என்று அழுதேன். அவளும் கொஞ்சம் அழுதாள். பிறகு தலை பின்னிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை டியூஷன் முடிந்து வரும்போது மரத்தடி காலியாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் அவர் எங்கள் சோபாவில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இனிமேல் கீழே நிற்க வேண்டாம், எவ்வளவு முன்னால் வந்தாலும் மேலே வந்துவிட வேண்டும் என்று அத்தை உத்தரவு போட்டிருந்தாளாம். அவர் வழக்கம்போல ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தார். சட்டை லேசாக நனைந்திருந்தது. அப்பா அவரோடு வேண்டாவெறுப்பாகச் சாலை நெரிசலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

நான் அறைக்குள் போனேன். அத்தை புடவை கட்டி, பூ வைத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாகத் தயாராக இருந்தாளோ, பூ லேசாக வாடியிருந்தது.

"ரெடிதானே அத்தை, போக வேண்டியதுதானே?"

"இருடி, இன்னும் நேரம் இருக்கு" என்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தை கையைக் கட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்க்காமல், அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்குக் காத்திருக்கப் பிடிக்காதே.