வெள்ளை மருந்தும் செசிலியா அக்காவின் பெயரும்

செவ்வாய்க்கிழமை காலை கிளினிக்கைத் திறந்து விளக்கைக்கூடப் போடவில்லை, தொலைபேசி அடித்தது. பேசியது செசிலியா அக்காவின் தங்கை பிலோமினா. "அக்கா போயிட்டாங்க, சரோஜா. தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். நான் "சரி" என்றேன். ஒரு மனுஷி செத்துப்போனதைச் சொல்கிறார்கள், நான் காய்கறிக்காரரிடம் சொல்வதுபோல் "சரி" என்கிறேன். தொலைபேசியை வைத்த பிறகு எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. அப்பாடா என்று ஒரு நிம்மதி. இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் இதையும் மறைப்பதென்றால் நான் பேனாவை எடுத்திருக்கவே வேண்டாம்.

அக்காவின் முப்பதாம் நாள் பூசைக்குத் தேவாலயத்தில் ஒரு சிறு நினைவு மலர் அச்சுப் போடுகிறார்கள். அதில் எழுத என்னைக் கேட்டவரும் பிலோமினாதான். பத்து வருஷத்துக்கு மேல் பக்கத்து நாற்காலியில் இருந்தவள், வாயாடி, எழுதவும் வரும், வேறு யாரைக் கேட்பார்கள்? பிலோமினாவுக்கு ஒன்றும் தெரியாது. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு ஒன்று தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சிராங்கூன் ரோட்டு கிளினிக்கில் செசிலியா அக்கா ஒரு முறை மருந்தைத் தவறாகக் கொடுத்து, ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார் என்பது அது. அந்தப் பேச்சு பொய். அக்காவைத் தவிர, பொய் என்று ஆரம்பத்திலிருந்தே தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

எழுபதுகளின் நடுவில் நான் அந்த கிளினிக்கில் சேர்ந்தபோது அக்கா மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தார். நான் பெயர் பதியும் மேசையில். அந்தக் காலத்தில் வயிற்று எரிச்சலுக்கு ஒரு வெள்ளை மருந்து உண்டு. சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கும், குலுக்கிக் குடிக்க வேண்டும். மெக்னீசியம் கலந்தது. அதை வாங்க ஜனங்கள் வீட்டிலிருந்தே போத்தல் கொண்டுவருவார்கள். சாஸ் போத்தல், சர்பத் போத்தல், ஒருவர் தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் போத்தலையே கொண்டுவந்தார். அக்கா ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். எண்ணெய் வாசனை அடித்தால் கழுவிக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிடுவார். எவ்வளவு பெரிய போத்தலை நீட்டினாலும் நோயாளியின் அட்டையில் டாக்டர் எழுதிய அளவுக்கு மேல் ஒரு சொட்டு விழாது. "என்ன அக்கா, தண்ணி மாதிரிதானே, நிறைச்சுக் குடுங்களேன்" என்று கேட்டவர்களை அவர் பார்த்த பார்வையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஜனங்கள் அந்த வெள்ளை மருந்தை மருந்தாகவே நினைத்ததில்லை. வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள். அப்போ வெள்ளை மருந்து? அது சும்மா வயித்துக்கு லா, என்பார்கள். அக்காவுக்கு இதைக் கேட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "வயித்துக்குள்ள போற எதுவும் சும்மா போறதில்ல" என்பது அவர் வாயில் தினம் நாலு தடவை வரும் பேச்சு. நான் அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டி டாக்டரைச் சிரிக்க வைப்பேன். அக்காவும் சிரிப்பார். அவர் ஒன்றும் கடுகடுப்பான ஆள் இல்லை. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, யார் வீட்டுப் பெண் யாரோடு படத்துக்குப் போனாள் என்பதுவரை பேசுவார்.

பிறகு என் வீட்டுக்காரருக்கு ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை போயிற்று. அந்த வருஷம் பலருக்குப் போயிற்று. அதே சமயம் எனக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. நாள் முழுக்க நிற்பதும் நடப்பதுமாக இருந்தால் இழுக்காமல் என்ன செய்யும்? ஒரு சிநேகிதி மெக்னீசியம் மாத்திரை கொடுத்தாள். இரண்டு வாரத்தில் இழுப்பு நின்றது. மாத்திரையால் நின்றதா, தானாக நின்றதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு ரொம்ப நன்றாகத் தெரிந்த மாதிரி இருந்தது. அவள் என்னை டோபி காட் பக்கம் ஒரு மாடியில் மாத்திரை விற்க ஆள் சேர்க்கும் கூட்டத்துக்குக் கூட்டிப் போனாள். கோட்டு போட்ட ஒருவர் படம் காட்டிப் பேசினார். தசைக்கு, நரம்புக்கு, எலும்புக்கு, இதயத் துடிப்புக்கு, நிம்மதியான தூக்கத்துக்கு, எல்லாவற்றுக்கும் மெக்னீசியம் வேண்டும் என்றார். வீடு வீடாக விற்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். இது மருந்தே இல்லை, சத்து. அதைச் சொன்னால் யாரும் பயப்பட மாட்டார்கள் என்றார்.

மறுநாளே ஒரு பை நிறைய மாத்திரையோடு கிளினிக்குக்கு வந்தேன். அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு லேபிளை முழுக்கப் படித்தார். அவர் அதைப் பழிக்கவில்லை, இதை நான் சொல்லியாக வேண்டும். உடம்புக்கு இது வேணும்தான் என்றார். கீரை, பருப்பு, கச்சாங் எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு அதிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும், நாள்கணக்கில் வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள் சிலருக்குக் குறையலாம், அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்றார். அப்புறம் போத்தலை என் கையில் வைத்து, "மிஞ்சினதைக் கிட்னிதான் வெளிய தள்ளணும், சரோஜா. கிட்னி கெட்டவன்கிட்ட மட்டும் இதைக் கொண்டுபோகாத" என்றார்.

எனக்கு அது பொறாமையாகப் பட்டது. நாலு பேர் என்னைத் தேடி வருகிறார்களே என்று வயிற்றெரிச்சல், வேறென்ன என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. அக்கா பழைய காலத்து ஆள், புதுசாக எது வந்தாலும் பிடிக்காது என்று நோயாளிகளிடமே சொல்லிச் சிரித்தேன். அவர் காதில் விழுந்திருக்கும். ஜன்னல் அவ்வளவு தூரத்தில் இல்லை.

முத்தையா அண்ணனை உங்களில் சிலருக்குத் தெரியும். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தேக்கா சந்தைக்குப் பின்னால் அடுக்குமாடியில் இருந்தார். சர்க்கரை ரொம்ப நாளாக உண்டு. அதனால் கிட்னியும் கெட ஆரம்பித்திருந்தது. அவருடைய அட்டையின் மூலையில் அக்கா சிவப்புப் பேனாவால் 'கிட்னி' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். வெள்ளை மருந்தைக்கூட அக்கா டாக்டரிடம் இரண்டு தரம் கேட்டு, எரிச்சல் தாங்காத அன்றைக்கு மட்டும் ஒரு கரண்டி என்று சின்னப் போத்தலில்தான் கொடுத்துவந்தார். ஒரு நாள் அண்ணன் என் மேசையில் சாய்ந்துகொண்டு, கால் இழுக்குது தங்கச்சி என்றார். அட்டை என் கையில்தான் இருந்தது. சிவப்பு எழுத்தைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் பார்த்தேன். மாத்திரைப் போத்தலை எடுத்து, கிளினிக் லேபிள் ஒன்றை ஒட்டி, காலை இரண்டு, மாலை இரண்டு என்று எழுதிக் கொடுத்தேன். சத்துதானே, என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அவர் நாற்காலியிலிருந்து எழ முடியாமல், பேச்சுக் குழறி, கண் சொருகிப்போக, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். இரத்தத்தில் மெக்னீசியம் மிக அதிகம் என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து, எதில் வந்தது, வீட்டிலுள்ள மருந்தெல்லாம் கொண்டுவாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டார் வெள்ளை மருந்தைக் கொண்டுபோனார்கள். என் மாத்திரையைக் கொண்டுபோகவில்லை. அது மருந்தில்லையே, சத்தாயிற்றே. நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவர்கள் ஒழுங்காகப் படித்திருந்தார்கள்.

பழி வெள்ளை மருந்தின்மேல் விழுந்தது, அதை ஊற்றிய கையின்மேல் விழுந்தது. அண்ணன் அடிக்கடி ஜன்னலருகே நின்று பேசிக்கொண்டிருப்பாரே, கேட்கும்போதெல்லாம் செசிலியா ஊற்றிக் கொடுத்திருப்பார் என்றது அவர் குடும்பம். டாக்டர் நல்லவர்தான், ஆனால் பயந்துபோயிருந்தார். காத்திருந்த இருபது பேருக்கு முன்னால் அக்காவைக் கூப்பிட்டு, எத்தனை போத்தல் கொடுத்தீங்க என்று கேட்டார். அட்டையில் இருக்கிறதுதான் டாக்டர் என்றார் அக்கா. அவர் நம்பவில்லை. நான் பெயர்ப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். போட வேண்டிய கோடு ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் அக்கா பதிவு மேசைக்கு வந்தார். நான் மருந்து ஜன்னலுக்குப் போனேன். டாக்டர் அப்படித்தான் மாற்றினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அண்ணன் பிழைத்து வீடு வந்ததும் அக்கா அவரைப் பார்க்கப் போனார். பழி போட்ட வீட்டுக்கு யாராவது போவார்களா? அவர் போனார். அங்கே அலமாரியில் என் கையெழுத்தோடு அந்தப் போத்தலைப் பார்த்துவிட்டார். அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல், இனி இதைத் தொடாதீங்க என்று மட்டும் சொல்லி, வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். என் கையெழுத்தை இல்லை என்று சொல்லவும் முடியாது.

"டாக்டர்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா என்னைக் காப்பாத்திக்க உன்னைக் கோத்துவிட்ட மாதிரி இருக்கும்" என்றார்.

சொல்கிறேன் அக்கா என்றேன். நிஜமாகவே சொல்லத்தான் போனேன். டாக்டர் அறைக் கதவைத் தட்டினேன், உள்ளே போனேன், அவர் நிமிர்ந்து பார்த்தார். என் வாயில் வந்தது, "டாக்டர், காப்பி வேணுமா?" என்பதுதான். வீட்டில் சம்பளம் கொண்டுவருவது நான் ஒருத்தி, இதுவும் போனால் என்ன செய்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம்வரை அக்கா தினம் காலையில் என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். இரண்டு மாதத்தில் வேலையை விட்டு ஜூரோங்கில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். ஐம்பதைத் தொட்ட வயதில், கம்பெனி பஸ் பிடித்து, நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. மருந்து ஜன்னலில் எனக்குச் சுழலும் நாற்காலி.

ஒரே ஒரு முறை தேக்கா சந்தையில் மீன் கடை முன்னால் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டோம். இளைத்திருந்தார். நான் அழ ஆரம்பித்தேன். எனக்காகத்தானே அக்கா சும்மா இருந்தீங்க, என்னமோ தெய்வம் மாதிரி என்று உளறினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உனக்காக ஒண்ணும் சும்மா இருக்கல. நீ சொல்லுவேன்னு நெனச்சு இருந்தேன். அப்புறம் நாளாயிடுச்சு, சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க. என்னைப் பெரிய மனுஷியாக்கி நீ தப்பிச்சுக்காத" என்றார்.

அப்புறம் மீன்காரரிடம் திரும்பி, வாலை வெட்டிவிடச் சொன்னார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். படுத்த படுக்கையானபோது ஆரஞ்சு வாங்கிப் பிலோமினாவிடம் கொடுத்தனுப்பினேன். நேரில் போகவில்லை. பூசைக்கு வருகிற நீங்கள் எல்லோரும் போயிருந்தீர்கள்.

அடக்கத்தன்று கல்லறையில் எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா நின்றார். தங்கமான பொம்பளை, அந்த மருந்து விஷயம் ஒண்ணுதான் தப்பாப் போச்சு, பாவம் என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை ஆட்டினேன். பெட்டியை இன்னும் குழிக்குள் இறக்கக்கூட இல்லை.

அந்தத் தலையாட்டல்தான் என்னை இதை எழுத வைத்தது. வீட்டுக்காரரிடம் முதலில் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார். நேற்று டாக்டரிடம் சொன்னேன். ஏன் அப்பவே சொல்லலை என்று அவர் கேட்கவில்லை. நான் எல்லார் முன்னாடியும் வெச்சு கேட்டுட்டேனே என்றார், அவ்வளவுதான். என் வேலை இருக்குமா இருக்காதா என்று இன்னும் சொல்லவில்லை. முத்தையா அண்ணன் போன வருஷம் காலமாகிவிட்டார். சாகும்வரை அக்காதான் தன்னைக் கவிழ்த்தார் என்று நம்பினார். அவர் மகனுக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

இப்படி எழுதும்போது, இறந்தவரிடமிருந்து நமக்கு மிஞ்சியது என்ன என்று கடைசியில் சொல்வார்கள். அன்பு, பொறுமை, நல்ல வார்த்தை என்று எதையாவது சொல்வார்கள். எனக்கு அதையெல்லாம் சொல்ல யோக்கியதை இல்லை. செசிலியா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அவருடைய வேலை. அவர் கொடுத்ததல்ல. நான் வாயை மூடிக்கொண்டு எடுத்தது. அதை இனி அவரிடம் திருப்பிக் கொடுக்க முடியாது. பெயரையாவது கொடுத்துவிடுகிறேன். பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும், அந்தக் கதையை யாரிடமெல்லாம் சொன்னீர்களோ அவர்களிடமெல்லாம் தயவுசெய்து திருத்திச் சொல்லுங்கள். தவறாகக் கொடுத்தது செசிலியா அக்கா அல்ல. சரோஜா.